பிரைம்டோப் வேரியன்ஸ் கால்குலேட்டர்: ஸ்டேக் ஏறலாமா என்று யோசிப்பவர்களுக்கு

ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: இந்த ஸ்டேக்கில் (நுழைவுத் தொகையின் மட்டத்தில்) நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்ததுக்கு ஏறிவிடலாமா? அந்தக் கேள்வியோடு யார் வந்தாலும் நான் முதலில் கைகாட்டுவது பிரைம்டோப் தளத்தில் இருக்கும் டோர்னமென்ட் வேரியன்ஸ் கால்குலேட்டரைத்தான். வேரியன்ஸ் என்றால் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம். இலவசம், உலாவியிலேயே ஓடும். எத்தனை பேர் ஆடும் டோர்னமென்ட், எத்தனை பேருக்குப் பரிசு, பை-இன் (நுழைவுக் கட்டணம்) எவ்வளவு, ரேக் (அதில் தளம் எடுக்கும் பங்கு) எவ்வளவு, உங்கள் ஆர்ஓஐ எவ்வளவு, அதாவது கட்டிய பணத்துக்கு எத்தனை சதவீதம் லாபம், இப்படி எத்தனை டோர்னமென்ட் ஆடப் போகிறீர்கள் என்று கட்டங்களை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதே ஆட்டக்காரர் அதே எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப ஆடினால் என்னென்ன நடக்கலாம் என்று உருட்டிப் பார்த்து, கோடுகளாகவும் எண்களாகவும் போட்டுக் காட்டும். அவ்வளவுதான் வேலை. பார்க்க ரொம்பச் சாதாரணமான பக்கம்.

ஆனால் இதை முன்பே பார்த்திருந்தால் எனக்கு ஒரு மோசமான மாதம் மிச்சமாகியிருக்கும். அதைச் சொன்னால்தான் இந்தக் கருவி எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது என்பது புரியும்.

நான் 250 டாலரோடு ஆரம்பித்து 5.50 டாலர் டோர்னமென்ட்களில் ஆடிக்கொண்டிருந்தேன். 600 டோர்னமென்ட் முடிந்தபோது லாபம் 891 டாலர். மொத்தம் கட்டியது 3,300, அப்படியானால் ஆர்ஓஐ 27 சதவீதம். கையில் 1,141 டாலர். போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர் வரை ஏறிக் காட்டுவதாகச் சொல்லி ஆடியபோது தனக்கு வைத்துக்கொண்ட விதி எனக்கு மனப்பாடம்: ஒரு டோர்னமென்ட்டில் பேங்க்ரோலில், அதாவது ஆட ஒதுக்கிய மொத்தப் பணத்தில், 2 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. 2 சதவீதம் என்றால் 50 பை-இன். என் 1,141-ஐ 22-ஆல் வகுத்தால் 51-க்கும் மேல் வந்தது. விதி அனுமதிக்கிறது, அப்புறம் என்ன என்று 11-ஐத் தாண்டி நேராக 22 டாலருக்குப் போனேன். 80 டோர்னமென்ட்டுக்குள் 35 பை-இன், அதாவது 770 டாலர் போய்விட்டது. மிஞ்சியது 371.

பிறகுதான் பழைய 600-ஐத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். அந்த 891 டாலரில் 850 ஒரே ஒரு முதல் பரிசு. ஏறக்குறைய ஆயிரம் பேர் ஆடிய ஒரு டோர்னமென்ட்டில் ஓர் இரவு எல்லாம் கைகூடி வந்தது, அவ்வளவுதான். அதைத் தள்ளிவிட்டால் மிச்சம் 599 டோர்னமென்ட்டுக்கும் சேர்த்து லாபம் 41 டாலர், ஒரு சதவீதம் சொச்சம். 27 சதவீத ஆட்டக்காரன் என்று நம்பி ஏறியவன், உண்மையில் தன் ஆர்ஓஐ என்னவென்றே தெரியாதவன்.

சரி, கால்குலேட்டருக்கு வருகிறேன். நான் முதலில் கொடுத்தது 1,000 பேர், 150 பேருக்குப் பரிசு, 10 சதவீத ரேக், ஆர்ஓஐ 20 சதவீதம், 1,000 டோர்னமென்ட். 20 சதவீதம் என்பது நல்ல எண். சராசரியாக 200 பை-இன் லாபம் வர வேண்டும். திரையில் கோடுகள் ஒரே புள்ளியில் கிளம்பி விசிறி மாதிரி விரிகின்றன. சில கோடுகள் உச்சிக்குப் போகின்றன, பெரும்பாலானவை நடுவில் தடுமாறுகின்றன, சில ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பூஜ்யத்துக்குக் கீழேயே ஊர்கின்றன. இதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான்: எல்லாக் கோடும் ஒரே ஆள். ஒரே திறமை, ஒரே ஆட்டம். அடியில் ஊர்கிறவன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நஷ்டத்தில் முடியும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்கிற அளவில் வந்தது. முதலில் நம்பவில்லை, கையால் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேர் டோர்னமென்ட்டில் முதல் பரிசு மொத்தத் தொகையில் 17 சதவீதம் என்று வைத்தால், ஒரு டோர்னமென்ட்டின் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சுமார் 8 பை-இன். ஆயிரம் டோர்னமென்ட்டுக்கு அதை ஆயிரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், சுமார் 250 பை-இன். எதிர்பார்க்கும் லாபம் 200, அதைச் சுற்றி இருபுறமும் 250 ஆடுகிறது. ஐந்தில் ஒரு தடவை பூஜ்யத்துக்குக் கீழே போவதில் அதிசயம் எதுவும் இல்லை.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரியும், அது இன்னும் முக்கியம். ஆயிரம் டோர்னமென்ட் முடித்துவிட்டு உங்கள் கணக்கு 20 சதவீதம் என்று காட்டினால், அந்த 20-க்கு இரு பக்கமும் 25 சதவீதம் சர்வசாதாரணமாக நகரும். மைனஸ் 5-ம் அதற்குள் இருக்கிறது, பிளஸ் 45-ம் இருக்கிறது. பத்தாயிரம் ஆடினால்தான் அது 8 சதவீதமாகச் சுருங்குகிறது. பத்தாயிரம் டோர்னமென்ட் என்பது பலருக்குப் பல வருட ஆட்டம், அதற்குள் எதிராளிகள் மாறியிருப்பார்கள், நீங்களும் மாறியிருப்பீர்கள். ஆகவே, என் கிராஃப் மேலே போகிறது, அதனால் ஏறுகிறேன் என்பது ஒரு காரணமே கிடையாது.

அடுத்து 1,000 பேர் என்ற கட்டத்தை மட்டும் 100 ஆக்கி, பரிசை 15 பேருக்கு என்று மாற்றுங்கள். மற்றதைத் தொட வேண்டாம். கோடுகளின் விசிறி பாதியாகச் சுருங்கிவிடும். விலக்கம் சுமார் 4 பை-இன்னுக்கு இறங்குகிறது, ஆயிரம் டோர்னமென்ட்டில் நஷ்டப்படும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறது. ஏறுவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பை-இன் தொகையை மட்டுமே பேசுகிறார்கள், எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதைப் பேசுவதே இல்லை. 22 டாலர், 100 பேர் என்பது ஓர் ஆட்டம், 22 டாலர், 1,000 பேர் என்பது இன்னோர் ஆட்டம். இரண்டுக்கும் ஒரே பேங்க்ரோல் போதும் என்று நினைத்துத்தான் நிறைய பேர் அகலக்கால் வைக்கிறார்கள். பெரிய கூட்டத்தில் சாதாரண ஆட்டக்காரர்கள் அதிகம் வருவார்கள், அதனால் ஆர்ஓஐ கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த லாபத்தில் பெரும்பகுதி எப்போதோ வரும் முதல் மூன்று இடங்களில் அடைந்து கிடக்கிறது.

இனி இந்தக் கருவியின் குறை. குறை என்பதைவிட, அதன் எல்லை. ஆர்ஓஐ என்ற கட்டத்தில் நீங்கள் என்ன போடுகிறீர்களோ அதை அப்படியே நம்பும். கேள்வி கேட்காது. ஏறலாமா என்று யோசிப்பவர் கீழ் ஸ்டேக்கில் வந்த எண்ணைத்தான் அதில் போடுவார், நானும் 27 போட்டுப் பார்த்தேன், கோடுகள் எல்லாம் அழகாக மேலே போயின, மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் அந்த எண் மேலே செல்லாது. மேலே போகப் போக பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் குறைந்து, தினமும் ஆடும் ரெகுலர்கள் கூடுகிறார்கள், உங்கள் ரேஞ்சை, எந்தெந்தச் சீட்டுகளோடு ஆடுவீர்கள் என்பதை, படித்துவிட்டு வருகிறார்கள், நீங்கள் ரைஸ் செய்து பந்தயத்தை ஏற்றினால் சும்மா ஃபோல்ட் செய்து சீட்டைப் போட்டுவிட மாட்டார்கள். மேல் ஸ்டேக்குகளில் ரேக் விகிதம் குறையும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சரிதான், 11 டாலரில் 10-க்கு 1 என்று கட்டுகிறோம், 215 டாலரில் 200-க்கு 15. ஆனால் 11-லிருந்து 22-க்கு ஏறும்போது அந்தச் சலுகை பெரும்பாலும் கிடையவே கிடையாது, கிடைத்தாலும் எதிராளிகளின் தரம் அதைச் சாப்பிட்டுவிடும்.

அதனால் நான் இப்போது செய்வது: என் உண்மையான ஆர்ஓஐ என்று நினைப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் மிகப்பெரிய ஒரு பரிசைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை கணக்கிட்டு இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை. மேல் ஸ்டேக்குக்கு அதில் பாதியைத்தான் கட்டத்தில் போடுகிறேன். ஆயிரம் பேர் டோர்னமென்ட்டுக்கு 20-ஐ 10 ஆக்கிப் பாருங்கள், நஷ்ட வாய்ப்பு ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குத் தாவும். அந்த மூன்றில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே, இதை என்னால் தாங்க முடியுமா, ஆறு மாதம் ஒழுங்காக ஆடியும் பணம் குறைந்தால் நான் எப்படி ஆடுவேன் என்று யோசிக்க வேண்டும். தன் எண்ணைவிடக் குறைவான எண்ணைப் போட மனசு வராது. போடுங்கள்.

பேங்க்ரோல் எவ்வளவு வேண்டும் என்ற கணக்குதான் பலர் தேடி வருவது, அங்கேதான் பலர் பயந்து மூடிவிட்டும் போகிறார்கள். திவாலாகும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றால், ஆயிரம் பேர், 20 சதவீத ஆர்ஓஐ என்ற நிலையில் சுமார் 480 பை-இன் என்று வழக்கமான சூத்திரம் சொல்கிறது. நூறு பேர் என்றால் சுமார் 120. ஆயிரம் பேரில் ஆர்ஓஐ 10 ஆகக் குறைந்தால் 900-ஐ நெருங்கும். 22 டாலருக்கு 900 பை-இன் என்றால் கிட்டத்தட்ட 20,000 டாலர். அவ்வளவு வைத்திருப்பவர் ஏன் 22 டாலரில் யோசித்துக்கொண்டிருக்கப் போகிறார்?

அப்படியானால் ஃபெர்குசனின் 50 பை-இன் விதி தப்பா? இந்த முரண்பாட்டில் நான் பல நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டும் சரி. அந்த 480-ம் 900-மும் எதற்கான கணக்கு என்றால், கடைசி டாலர் வரை அதே ஸ்டேக்கில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு. பணம் பாதியாகக் குறைந்தாலும் 22-லேயே ஆடுவான், கால்வாசி ஆனாலும் 22-லேயே. ஃபெர்குசனின் 2 சதவீதம் அன்றன்று கையில் இருக்கும் பணத்தில் 2 சதவீதம். பணம் குறைந்தால் தொகையும் தானாகக் குறையும், கீழ் ஸ்டேக்குக்கு இறங்கியே ஆக வேண்டும். அவர் விதியில் தளர்வு ஒன்றே ஒன்றுதான், ஒரு டாலர் வரை உள்ள டோர்னமென்ட்டை எப்போதும் ஆடிக்கொள்ளலாம். ஏறுவதற்கு எவ்வளவு அனுமதி தருகிறதோ அதே அளவுக்கு இறங்கச் சொல்லும் விதி அது. நான் ஏறும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு டோர்னமென்ட்டில் தோற்றதுமே என் பணம் 1,100-க்குக் கீழே போய்விட்டது, விதிப்படி அன்றே 11-க்கு இறங்கியிருக்க வேண்டும். நான் இறங்கவில்லை, இழந்ததை இங்கேயே எடுப்பேன் என்று உட்கார்ந்திருந்தேன். இன்னும் 33 பை-இன் போகும் வரை.

எப்போது ஏறுவது என்பதைவிட எந்த எண்ணில் இறங்குவது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் பெரிய முடிவு என்று எனக்குப் புரிய வைத்தது இந்தக் கால்குலேட்டர்தான். கோடுகள் எவ்வளவு ஆழத்துக்கு விழுகின்றன என்று பார்த்த பிறகு, விழும்போது யோசித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நன்றாக ஆடுகிற ஒருவருக்கே ஆயிரம் பேர் டோர்னமென்ட்களில் 100 பை-இன் சரிவு என்பது வந்து போகிற விஷயம்.

எந்தக் கால்குலேட்டரும் காட்டாத ஒன்றும் இருக்கிறது. 22 டாலருக்குப் போன இரண்டாவது வாரம். 150 பேருக்குப் பரிசு, 153 பேர் மிச்சம். என்னிடம் இருப்பது 14 பிளைண்ட் (ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயம்) அளவு சிப். நான் பட்டனில், பிளைண்ட் கட்டும் இரண்டு பேருக்குச் சற்று முன் இடத்தில், இருக்கிறேன், எல்லோரும் ஃபோல்ட் செய்து முறை எனக்கு வருகிறது, கையில் ஒரே சூட்டில் ஏஸ், ஒன்பது. ஸ்மால் பிளைண்டிடம் 8 பிளைண்ட், பிக் பிளைண்டிடம் 9. இரண்டு பேரும் என்னைவிடச் சின்ன ஸ்டாக், இரண்டு பேரும் பரிசுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நான் தோற்றாலும் வெளியே போகப் போவதில்லை. 5.50-ல் என்றால் யோசிக்காமல் ஆல்-இன் அழுத்தி எல்லாச் சிப்பையும் போட்டிருப்பேன். அன்றைக்கு நேரப் பட்டை சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு, குறைந்தபட்சப் பரிசு 40 டாலர், என் பழைய ஸ்டேக்கில் ஏழு பை-இன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, ஃபோல்ட் செய்தேன். கொஞ்ச நேரத்தில் பப்பிள் (பரிசு தொடங்குவதற்குச் சற்று முந்தைய கட்டம்) உடைந்தது. பிளைண்ட் கரைந்து கரைந்து 131-ஆவது இடத்தில் வெளியே வந்தேன். அந்த ஒரு கையால் எவ்வளவு போயிருக்கும் என்பதல்ல விஷயம். அந்த மாதம் முழுக்க நான் அப்படித்தான் ஆடியிருக்கிறேன். பணம் பத்தவில்லை என்ற பயம் ஆட்டத்துக்குள் நுழைந்தால் உங்கள் ஆர்ஓஐ வேறு ஆளுடைய ஆர்ஓஐ ஆகிவிடும், கட்டத்தில் போட்ட எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

அதனால் பேங்க்ரோல் போதுமா என்பதோடு இன்னொரு சோதனையும் வைத்துக்கொள்கிறேன்: பப்பிளில் எனக்குப் பரிசுத் தொகை டாலராகத் தெரிகிறதா, சிப்பும் இடமுமாகத் தெரிகிறதா? டாலராகத் தெரிந்தால் நான் இன்னும் அந்த ஸ்டேக்குக்கு வரவில்லை. (ஐசிஎம், அதாவது சிப்பைப் பரிசுப் பணத்தின் மதிப்பாக மாற்றும் கணக்கில் பரிசுத் தொகையைப் பார்த்தே ஆக வேண்டும், அது வேறு. அங்கே பார்ப்பது பரிசுகளுக்கு இடையிலான விகிதத்தை, இந்தப் பணத்தில் என்ன வாங்கலாம் என்பதை அல்ல.)

சில்லறை விஷயங்கள். ரீ-என்ட்ரி டோர்னமென்ட் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு நுழைவையும் தனி பை-இன்னாக எண்ணுங்கள், 22 டாலரில் இரண்டு தடவை நுழைந்தால் அது 44 டாலர் டோர்னமென்ட். பவுண்டி (எதிராளியை வெளியேற்றினால் பணம்) டோர்னமென்ட்டுக்கு நான் இந்தக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை, பரிசு பிரியும் விதமே வேறு, தலைக்கு இவ்வளவு என்று நடுவிலேயே பணம் வந்துவிடுவதால் ஏற்ற இறக்கம் குறையும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கோடுகள் மாறும், அதனால் ஒரே தடவை ஓட்டிவிட்டு அதுதான் முடிவு என்று எடுத்துக்கொள்ளாமல் நாலைந்து தடவை ஓட்டுங்கள். உங்கள் ஆர்ஓஐ தெரியாதென்றால் ஷார்க்ஸ்கோப், போக்கர்டிராக்கர் மாதிரி முடிவுகளைக் கணக்கு வைக்கும் ஒன்றோ, வெறும் ஒரு விரிதாளோ போதும், ஆனால் ஒரு டோர்னமென்ட் விடாமல் எழுத வேண்டும்.

யாருக்கு இது தேவைப்படாது? இதுவரை 200 டோர்னமென்ட் கூட ஆடாதவருக்கு. கட்டத்தில் போட அவரிடம் எண்ணே இல்லை, ஊகத்தை உள்ளே போட்டால் ஊகம்தான் வெளியே வரும். அவர் இருக்கிற இடத்திலேயே இருந்து ஆடிப் படிப்பது நல்லது. மற்றபடி 5-க்கும் 50-க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் தயங்காமல் சொல்வேன்.

நான் இதை வைத்து அமைத்துக்கொண்ட ஏற்பாடு இது. 371-லிருந்து திரும்ப ஆரம்பித்தேன், முதலில் 5.50, அப்புறம் 11. முந்நூறு பேருக்கு மேல் வரும் டோர்னமென்ட்களைப் பெரும்பாலும் தவிர்க்கிறேன். 11-க்கு 200 பை-இன், அதாவது 2,200 டாலர் தொடக் கூடாத பணம். அதற்கு மேல் 440 சேர்ந்த பிறகுதான் 22-ஐத் தொட்டேன், அந்த 440 மட்டும் இந்த முயற்சிக்கான இருபது பை-இன். ஒரேயடியாகத் தாவவில்லை, பத்து டோர்னமென்ட்டில் எட்டு 11, இரண்டு 22. சராசரி பை-இன் 13.20 தான் வருகிறது, ஏறியதே உடம்புக்குத் தெரியவில்லை, ஆனால் 22-ல் ஆடும் ஆட்களைப் பார்த்துப் பழகிக்கொண்டே இருக்கிறேன். 440 தீர்ந்தால் மறுபேச்சில்லாமல் பத்தும் 11. கையிருப்பு 4,400-ஐத் தொட்டால் பத்தும் 22.

இன்றைய நிலவரப்படி அந்த 440-ல் 154 போயிருக்கிறது, ஏழு பை-இன். பதின்மூன்று பாக்கி. நேற்று 22-ல் ஒரு பப்பிளில் ஏஸ், எட்டோடு பட்டனிலிருந்து ஆல்-இன் போட்டேன், பிக் பிளைண்ட் ஜோடிப் பத்தோடு கால் செய்து வென்றுவிட்டார். தாளில் 154 என்று எழுதிவிட்டு அடுத்த மேசையைப் பார்த்தேன்.